பெட்டியில் 30, உள்ளே 9: ஒரு மடக்கு லென்ஸ்

கடிகாரம் பழுதுபார்க்கிறவன் நான். 38 வருஷமாக வலது கண்ணில் லூப் என்கிற குட்டி உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லென்ஸ் விஷயத்தில் யாராவது கதை அளந்தால் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். இந்த மடக்கு லென்ஸ் வந்த பெட்டியிலேயே கதை அளந்திருந்தார்கள். '30 மடங்கு, 21 மில்லிமீட்டர்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. ஒற்றைக் கண்ணாடியில் அப்படி ஒரு சாமான் இருக்க வழியே இல்லை. ஆனாலும் நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் உலோகக் கூடு. கண்ணாடி அதற்குள் மடங்கிக் கிடக்கும், விரலால் தள்ளினால் சுழன்று வெளியே வரும். கண்ணாடியைச் சுற்றி ஆறு குட்டி எல்இடி விளக்குகள், அவற்றுக்கு மூன்று பொத்தான் பேட்டரிகள், கூடவே ஒரு ரெக்சின் உறை. கையில் வைத்தால் கனம் திருப்தியாக இருக்கிறது. மேல்பூச்சு ஒரு மாதத்தில் ஓரங்களில் உரிய ஆரம்பித்தது. அது போகட்டும், கண்ணாடிதான் பேச்சு.

மடங்கைச் சோதிக்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, லென்ஸை அதன் முன்னால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் ஜன்னல் தலைகீழாகப் பளிச்சென்று தாளில் விழும். அப்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, 250-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். 250 என்பது சாதாரணக் கண் சிரமமில்லாமல் படிக்கிற 25 சென்டிமீட்டர் தூரம். எனக்கு வந்தது 27 மில்லிமீட்டர். ஆக, 9 மடங்குக்கு ஒரு சொச்சம். 30 மடங்கு வேண்டுமென்றால் 8 மில்லிமீட்டரில் குவிய வேண்டும். 21 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாதாரணக் கண்ணாடியில் ஒரு முழுக் கோலிக்குண்டே செய்தாலும் அது குவிவதற்கு 15, 16 மில்லிமீட்டர் ஆகும். அவ்வளவுதான் கணக்கு. பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

ஆனால் செடி பார்க்க 9, 10 மடங்குதான் சரி. தாவரவியல்காரர்கள் கழுத்தில் தொங்கவிடுவதும் 10 மடங்குதான். 20 மடங்கு என்றால் பொருளை ஒரு சென்டிமீட்டர் சொச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும், நம் தலை நிழலே அதன் மேல் விழும், இலையின் ஒரு முனை தெளிந்தால் மறு முனை கலங்கும். அப்படியிருக்க, இருக்கிற நல்ல எண்ணை மறைத்து இல்லாத பெரிய எண்ணை ஏன் அச்சடித்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. '10 மடங்கு' என்று நேர்மையாகப் போட்டிருந்தால் நான் குறைந்த சந்தேகத்தோடு வாங்கியிருப்பேன்.

சரி, கடிகாரக்காரனுக்குச் செடி எதற்கு? என் லூப் மூன்று அங்குலத்தில் தெளியும், 3 மடங்குக்குக் கொஞ்சம் மேல். திருகும் பல்சக்கரமும் பார்க்க அது போதும். போதாமல் போனது ஒரு புதரால்.

நான் காலையில் நடக்கிற பாதையில், எப்போதாவது ஆள் வந்து பெருக்கிவிட்டுப் போகிற ஒரு பழைய வீடு இருக்கிறது. அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே சரிவில் சாம்பல் வெள்ளையாக ஒரு புதர்க்கூட்டம். ஆள் உயரத்தில் சில, இரண்டு ஆள் உயரத்தில் இரண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் மாவு தூவியது போல இருக்கும். குளிர் உறைக்கிற நாட்களில், மற்றதெல்லாம் சோம்பிக் கிடக்கும்போது, இது மட்டும் மஞ்சளாகக் கொட்டியது. பட்டாணி அளவில் பஞ்சு உருண்டைகள், கொத்துக் கொத்தாக. இத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், பெயர் தெரியாமல்.

மகளிடம் சொன்னேன். "அப்பா, இதுக்குப் போய் யோசிக்கிறீங்களா? போட்டோ எடுங்க, பேர் தானா வந்துடும்" என்று என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். எந்தச் செயலி என்று சொல்லப் போவதில்லை. மற்றவையும் இதே போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இலையை மட்டும் எடுத்தேன். யூகலிப்டஸ் என்றது. பூங்கொத்து வியாபாரிகள் வைக்கிற, வெள்ளிக்காசு போல இலையுள்ள யூகலிப்டஸ். அதன் மேல் பெரிய தவறு சொல்ல முடியாது, படத்தில் அப்படித்தான் இருந்தது. மறுநாள் பூவோடு எடுத்தேன். வாட்டில் என்றது, அதாவது ஆஸ்திரேலிய அக்கேசியா; அதிலும் கத்தியிலை வாட்டில், அக்கேசியா கல்ட்ரிஃபார்மிஸ். மூன்றாம் நாள் புதருக்கு அடியில் முளைத்திருந்த கன்று ஒன்றை எடுத்தேன். தொட்டாற்சிணுங்கி என்றது. தொட்டுப் பார்த்தேன். சிணுங்கவில்லை.

ஒரே செடிக்கு மூன்று நாளில் மூன்று பெயர். என் கடைக்கு வந்து ஒரே கடிகாரத்தை மூன்று முறை காட்டி, நான் மூன்று பழுது சொன்னால் விட்டுவிடுவார்களா? அன்றைக்குத்தான் லென்ஸ் வாங்கினேன்.

இதைப் பிடிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டிக்குள் வந்த தாளில் அது இல்லை. பலரும் பொருளைக் கீழே வைத்து, லென்ஸை அதன் மேல் பிடித்து, தள்ளி நின்று குனிகிறார்கள். துப்பறிவாளர் படத்தில் பார்த்த பழக்கம். அப்படிப் பார்த்தால் ஒரு பொட்டுதான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள், பிடித்த கை கன்னத்தில் ஊன்றியிருக்கட்டும். அப்புறம் இலையைக் கண்ணை நோக்கிக் கொண்டுவாருங்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும். மற்றொரு கண்ணை மூட வேண்டாம். மூடினால் ஐந்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும். இதெல்லாம் நாங்கள் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிறது.

அப்படிப் பார்த்த முதல் இலையில் எனக்கு வாயடைத்துப் போனது. வெறும் கண்ணுக்கு மாவு போலத் தெரிந்தது மாவே இல்லை, முடி. குட்டையாக, நெருக்கமாக, ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முடி. நகைப்பெட்டிக்குள் ஒட்டுகிற வெல்வெட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. இலை முழுக்க, விளிம்பு முழுக்க, இளங்கிளையிலும் அதே.

யூகலிப்டஸ் உடனே அடிபட்டுப் போனது. அந்த வகை யூகலிப்டஸின் இளம் இலைகள் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக வரும், கசக்கினால் தைல வாசனை அடிக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். இதில் இலைகள் மாறி மாறி வந்தன, வாசனை இல்லை, புள்ளி இல்லை. போதாததற்கு இலையின் மேல் விளிம்பில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் உதடு வைத்தது போல. அது ஒரு சுரப்பி. வாட்டில் குடும்பத்தில் இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் இனமே பிரிக்கிறார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் பூச்சி கடித்த தழும்பு என்று விட்டுவிடுவோம்.

மிச்சம் இருந்தது கத்தியிலை வாட்டில். இங்கேதான் லென்ஸ் காசுக்கு வேலை செய்தது. கத்தியிலையும் சாம்பல் வெள்ளைதான், அதே மஞ்சள் உருண்டைதான். போட்டோவில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நானும் தடுமாறுவேன். ஆனால் அதன் இலை முடியில்லாமல் மழமழவென்று இருக்கும். மேலே இருக்கும் வெள்ளை, திராட்சைப்பழத்தின் மேல் இருப்பது போன்ற மெழுகு. கட்டைவிரலால் தேய்த்தால் பச்சை தெரியும். என் புதரில் எவ்வளவு தேய்த்தும் வெல்வெட் படுத்து எழுந்ததே தவிர பச்சை வரவில்லை. வடிவமும் இடித்தது. கல்ட்ரிஃபார்மிஸ் என்றாலே லத்தீனில் கத்தி வடிவம். ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் முக்கோணமாகப் புடைத்திருக்கும். என்னுடையது முட்டை வடிவம், நடுவில் ஒரே நரம்பு, நுனியில் துளியூண்டு முள் போன்ற கூர். முடியுள்ள இன்னொரு உறவுக்காரனும் உண்டு, அக்கேசியா அன்சிஃபெரா. பெயரிலேயே கொக்கி இருக்கிறது. அதன் இலை இன்னும் குறுகலாக, நுனி வளைந்திருக்கும். என் புதரில் வளைவு இல்லை.

ஆக, அக்கேசியா பொடாலிரிஃபோலியா. குயின்ஸ்லாந்து வெள்ளி வாட்டில் என்பார்கள், முத்து அக்கேசியா என்றும் சொல்வார்கள். பொடாலிரியா என்று தென்னாப்பிரிக்காவில் ஒரு செடி இருக்கிறது, அதன் இலை மாதிரி இலையுள்ளது என்று பெயருக்குப் பொருள். ஆஸ்திரேலியச் செடிக்குத் தென்னாப்பிரிக்கச் செடியின் சாயலில் பெயர் வைத்தார்கள். பிற்பாடு இது தென்னாப்பிரிக்காவுக்கே தோட்ட அழகுக்காகப் போய், தோட்டத்தைத் தாண்டி, அங்கே ஒழிக்க வேண்டிய அந்நியச் செடிகளின் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே கூட, பிறந்த குயின்ஸ்லாந்தையும் அதையொட்டிய நியூ சவுத் வேல்ஸ் பகுதியையும் விட்டு வேறு மாநிலங்களில் இது வந்தேறிதான்.

பெயர் விஷயத்தில் ஒரு புலம்பல். பழைய புத்தகங்களில் கருவேலமும் அக்கேசியாதான். 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில், அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே என்று முடிவானது, 2011-இல் மெல்போர்னில் அதையே உறுதி செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆயிரம் இனம் இருக்கிறதாம், அத்தனைக்கும் பெயர் மாற்றுவதைவிட இது சுலபம் என்று வாதம். கருவேலம் வச்செல்லியாவாகிவிட்டது, சீயக்காய் செனெகாலியாவாகிவிட்டது. வாட்டில் என்பதோ செடியின் பெயரே இல்லை. கம்புகளைப் பின்னிச் செய்கிற தட்டிக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் இந்த மரக் கிளைகளைத் தட்டியாகப் பின்னி, மண் பூசிக் குடிசைச் சுவர் எழுப்பினார்கள். தட்டியின் பெயர் மரத்துக்கு வந்துவிட்டது. மேலே ஒன்று எழுதி உள்ளே ஒன்று வைக்கிற வழக்கம் என் லென்ஸ் பெட்டிக்காரர்கள் தொடங்கியதில்லை போல.

அந்தத் தொட்டாற்சிணுங்கியை விட்டுவிட்டேனே. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இதுவரை இலை, இலை என்று எழுதினேனே, அது உண்மையில் இலையே இல்லை. இலைக்காம்பு. காம்பு தட்டையாகி, அகன்று, இலையின் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இலைத்தொழில் காம்பு என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறது, பார்த்ததில்லை. புதருக்கு அடியில் மூன்று விரல் உயரக் கன்று ஒன்றை லென்ஸில் பார்த்தேன். அடியில் வந்த முதல் இலைகள் சிறகு சிறகாக, சின்னச் சின்னச் சிற்றிலைகளோடு, அச்சாகத் தொட்டாற்சிணுங்கி. செயலியைத் திட்டியதை அந்த இடத்திலேயே பாதி வாபஸ் வாங்கினேன். அதற்கு மேலே வந்த இலையில் காம்பு கொஞ்சம் அகன்றிருந்தது. அதற்கும் மேலே ஒன்று: காம்பு விரல்நகம் அளவுக்கு அகன்று, வெல்வெட் முளைத்து, அதன் நுனியில் மட்டும் நாலைந்து ஜோடி சிற்றிலைகள், கழற்ற மறந்த பழைய பட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கும் மேலே சிறகே இல்லை, வெறும் வெள்ளித் தகடு. ஒரே கன்றில், கீழிருந்து மேலாக, மொத்தக் கதையும். அரைமணி நேரம் சரிவில் உட்கார்ந்திருந்தேன். கடை திறக்க நேரமாகிவிட்டது.

இந்தப் புதர்க்கூட்டம் யாரோ நட்டதா, தானே நிலைத்துவிட்டதா என்ற இன்னொரு கேள்விக்கும் அந்தக் கன்றால்தான் பதில் கிடைத்தது. தோட்டச் செடி ஒன்று சுவரைத் தாண்டி முளைத்தால் அது தப்பித்த செடி, அவ்வளவுதான். யாருடைய தயவும் இல்லாமல் தானே விதைத்து, தானே முளைத்து, தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் நிலைத்துவிட்டால்தான் அந்த மண்ணில் இயல்பாகிவிட்டது என்று கணக்கு. வீட்டைப் பெருக்க வருகிற பெரியவரைக் கேட்டேன். "உள்ள ஒண்ணு நட்டு வெச்சிருந்தாங்க ஐயா, அது பட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. வெளிய இருக்கிறது எதையும் யாரும் நடலை" என்றார். தாய் மரம் இல்லை. வெளியே இரண்டு ஆள் உயரம், ஒரு ஆள் உயரம், முழங்கால் உயரம், மூன்று விரல் உயரம். நான்கு வெவ்வேறு வயசில் பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால் அங்கே குடித்தனம் நடக்கிறது என்றுதானே அர்த்தம்.

இந்த மரத்துக்கு ஆயுசு குறைவு. ஆனால் விதைக்கு அப்படி இல்லை. காய்ந்த காயைப் பிளந்து பார்த்தேன். தட்டையான காய், உள்ளே கருப்பு விதை, ஒரு முனையில் சதைப்பற்றாக ஒரு சின்ன வால். அந்த வாலுக்காக எறும்புகள் விதையை இழுத்துக்கொண்டு போகும், புற்றுக்குள் புதைந்து கிடக்கும். விதையின் தோல் தண்ணீர் புகாதது. நெருப்போ வெந்நீரோ பட்டால்தான் சட்டென்று இளகும், இல்லையென்றால் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். 38 வருஷத்தில் எந்தக் கடிகாரத்துக்கும் அவ்வளவு கச்சிதமான பின்மூடி நான் போட்டதில்லை. வாட்டிலை வெட்டிப் போட்ட இடத்தில், எரித்த இடத்தில், திரும்ப முளைக்கிறது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அந்த விதையைக் கையில் வைத்துப் பார்த்தபோது புரிந்தது.

பூ உருண்டை பற்றி ஒரு வரி. அது ஒரு பூ இல்லை. ஊசியால் ஒன்றைப் பிரித்து எண்ணினேன், 22 பூக்கள். பஞ்சு என்று நினைத்ததெல்லாம் மகரந்தத் தாள்கள். இதழைத் தேட லென்ஸ் வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். விளக்குகள் வீண். ஆறும் சுற்றிலும் நின்று நேராக அடிப்பதால் நிழலே விழாது, நிழல் இல்லாவிட்டால் முடி தெரியாது. விளக்கைப் போட்டு அதே இலையைப் பார்த்தேன், நீலம் பூத்த வெள்ளைத் தகடாகத்தான் தெரிந்தது. கிட்டத்தட்ட போட்டோவில் தெரிந்த மாதிரி. விளக்கை அணைத்துவிட்டு, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி திரும்பி உட்காருங்கள். பேட்டரிகளை நான் கழற்றியே வைத்துவிட்டேன், கனமும் குறைந்தது. இரண்டாவது, ஓரம். பார்வையின் நடுவில் பாதிக்கு மேல் தெளிவு, விளிம்புக்குப் போகப் போகக் கோடு வளைந்து ஊதா நிறம் கசிகிறது. மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த டிரிப்லெட் லென்ஸில் இது வராது. தொழிலுக்கு வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். இலை பார்க்க இது போதும், இலையை நடுவுக்கு நகர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது, கழுத்தில் தொங்கவிட ஒரு துளை இல்லை. புல்லில் விழுந்தால் தேட வேண்டியதுதான். ஒரு சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. பெட்டியில் உண்மையைப் போட்டிருந்தால் நான்கு.

செயலியை அழிக்கவில்லை. அது வாட்டில் என்று சொல்லியிருக்காவிட்டால் எந்தக் கூட்டத்தில் தேடுவது என்றே தெரிந்திருக்காது. மகள் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்து, அந்தப் பாதி இலை பாதிக் காம்பைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை எப்படி போட்டோ எடுக்கிறது?" என்றாள். லென்ஸைப் போன் கேமராவோடு ஒட்டி வைத்து எடுத்தோம். முடி நன்றாகவே விழுந்தது. அந்தப் படத்தைச் செயலியில் போட்டோம். பொடாலிரிஃபோலியா என்றது, முதல் பெயராகவே.

ஒன்று விட்டுப் போனது. மூன்றாவது வாரம், அந்தச் சரிவில் உட்கார்ந்திருக்கும்போதே, கூட்டின் அச்சுத் திருகு தளர்ந்து சருகுக்குள் விழுந்துவிட்டது. கடிகாரக்காரன் திருகைத் தொலைத்தான் என்று வெளியே சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, பழைய அலாரம் கடிகாரம் ஒன்றின் திருகைப் போட்டேன். இப்போது கண்ணாடி முன்னைவிட இறுக்கமாகத் திரும்புகிறது.